யானைக்கு இன்னா ஆச்சு

எங்க ஊரு ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ் பசங்க இருபத்திரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கக் கத்துக் குடுத்தவன் நாந்தான்.

பொய்யி. ஒருத்தருக்கும் கத்துக் குடுக்கல. எனக்கே தெரியாது, நான் எங்க கத்துக் குடுக்கறது? நெசம் இன்னான்னா, ஒரே ஒரு கொழந்தைக்கு நான் படிக்காம இருக்கறது எப்பிடின்னு கத்துக் குடுத்தேன். அதுவும் வேற யாருக்கோ இல்ல, எம் பொண்ணுக்கு. அந்த வித்தையில என்ன மிஞ்ச ஆள் கெடையாது.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டறவன். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவுல ஓடும் என் வண்டி. எங்கூட்டுக்காரி ஊரு ஸ்கூல்ல மத்தியான சோறு ஆக்கறா. காலைல ரெண்டு ட்ரிப்பு அடிச்சிட்டு, வண்டிய ஸ்கூல் கேட்டாண்ட ஓரங்கட்டிட்டு, பத்து மணிக்கெல்லாம் நான் சமையல் கொட்டாய்ல ஆஜராயிடணும். காய் நறுக்கணும், முட்ட உரிக்கணும், அண்டா எறக்கணும். சம்பளம் கெடையாது. திட்டு மட்டும் தெனம் உண்டு, அது பாக்கி வெக்காம வந்துரும். கொட்டாய்க்கும் ரெண்டாங்கிளாசுக்கும் நடுவுல ஒரு செவுரு, செவுத்துல ஒரு ஜன்னலு. அந்த ஜன்னலுதான் நான் படிச்ச காலேஜு.

சின்னதுல நானும் ஸ்கூலுக்குப் போனவன்தான். பதினோரு நாளு. பன்னெண்டாவது நாளு எங்க ஆடு காணாப் பூட்ச்சி, தேடிக்கினு வாடான்னு அனுப்புனாங்க. ஆடு அன்னிக்கு சாயந்தரமே வூட்டுக்கு வந்துட்ச்சி. நான்தான் ஸ்கூலுக்குத் திரும்பல.

அப்பறம் இத்தினி வருசம் எப்பிடி ஓட்டுனேன்னு கேப்பீங்க. ஆந்திரா தமிழ்நாடு பார்டர்ல பொறந்த புண்ணியம். எங்க பக்கத்துல பாதி போர்டு தெலுகு, பாதி போர்டு தமிழு. தெலுகுக்காரரு ஒருத்தரு துண்டுச் சீட்ட நீட்டி, "இந்த அட்ரஸ் எங்கப்பா?"ன்னு கேட்டா, "எனக்குத் தமிழ்தான் சார் படிக்க வரும்"பேன். தமிழ்க்காரரு நீட்டுனா, "நானு தெலுகு மீடியம் அண்ணா"ம்பேன். ரெண்டு பேரும், "ஓ, செரி செரி"ன்னு அவங்களே படிச்சிச் சொல்லிட்டுப் பூடுவாங்க. ரெண்டு பாசைக்கு நடுவுல இருக்கற சந்துல நான் பாட்டுக்கு குந்திக்கினு இருந்தேன். ரெண்டையும் நல்லாப் பேசுவேன். ஒண்ணுலயும் ஒரு எழுத்து தெரியாது. இது மெட்ராசுல முடியாது, விஜயவாடாவுல முடியாது. எங்க ஊர்ல மட்டும்தான் முடியும்.

ஆனா இந்த ரெண்டாங்கிளாஸ் டீச்சரம்மாகிட்ட முடியல.

டீச்சரம்மா திருப்பதியிலேர்ந்து தெனம் ரயில்ல வர்றவங்க. புத்தூர்ல எறங்கி என் ஆட்டோவுலதான் ஊருக்கு வருவாங்க. முன்னாடி சீட்டுக்குப் பின்பக்கம், ஸ்கூல் தொறந்த சமயத்துல அவங்க குடுத்த நோட்டீசு ஒண்ண ஒட்டியிருந்தேன். பசங்கள ஸ்கூல்ல சேருங்கன்னு நோட்டீசு. படம் கிடம் ஒண்ணும் இல்ல, மொத்தமும் எழுத்து. நான் பாட்டுக்கு பசை தடவி அழகா ஒட்டிட்டேன். ஒரு வாரம் கழிச்சி ஒரு பொம்பள கழுத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இன்னாய்யா தலகீழா ஒட்டிக்கீற?"ன்னு கேட்டா. "நேரா இருந்தா எவன் படிக்கறான்? தலகீழா இருந்தாதான் எல்லாரும் படிப்பாங்க"ன்னேன். ஆட்டோ முழுக்க சிரிச்சாங்க. டீச்சரம்மா ஓரமா குந்திக்கினு இருந்தாங்க. அவங்க சிரிக்கல. வெளிய பாத்துக்கினு வந்தாங்க.

இப்ப அந்த ஜன்னலப் பத்திச் சொல்லணும்.

மொத மொதல்ல நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். எழுத்துன்னாலே எனக்குப் போலீசப் பாத்த மாதிரி. ஒரு நாளு வெண்டக்கா நறுக்கிக்கினு இருந்தேன். உள்ள டப்பு டப்புன்னு கைதட்டற சத்தம். எட்டிப் பாத்தா, டீச்சரம்மா ஒரு சொல்லச் சொல்றாங்க, பசங்க அத துண்டு துண்டாக்கித் தட்டுதுங்க. "பலகை"ன்னா, ப, ல, கை, மூணு தட்டு. "ஆடு"ன்னா ரெண்டு. என் கையில கத்தி, வெண்டக்கா. நான் அப்பிடியே நின்னுட்டேன். நாப்பது வருசமா ஓயாம பேசிக்கினு கீறேன், ஊர்ல என்ன வாயாடின்னுதான் கூப்புடுவாங்க. ஆனா பேச்ச வெண்டக்கா மாதிரி நறுக்கலாம்னு எனக்கு அன்னிக்குதான் தெரியும். அன்னிக்குக் காய் நறுக்கும்போது ஒவ்வொண்ணுக்கும் வாய்க்குள்ள சொல்லிக்கினே நறுக்குனேன். சாம்பார்ல ஒரு துண்டு பெருசு ஒரு துண்டு சிறுசா கெடந்துச்சி. எங்கூட்டுக்காரி, "கண்ணு பூட்ச்சா உனுக்கு?"ன்னா.

அப்பறம் மணலு. ஆத்து மணல என்னதான் கொண்டாரச் சொன்னாங்க. நாலு தட்டுல பரப்பி வெச்சி, பசங்க அதுல வெரலால எழுதும். ஒரு பொடிசு வெரல இப்பிடி வளச்சி இழுக்குது, இழுத்துட்டு "ப"ங்குது. பக்கத்துல இருக்கறது வந்து பாத்துட்டு அதுவும் "ப"ங்குது. சொல்லியே குடுக்கல யாரும்! மணல்ல ஒரு கோடு. அதப் பாத்த ஒடனே இன்னொரு வாயிலேர்ந்து அதே சத்தம் வருது. எனக்கு கை மயிர் நட்டுக்குச்சி. சாமி வந்து ஆடறதப் பாத்திருக்கேன், அலகு குத்திக்கறதப் பாத்திருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. பசங்க மூக்க ஒழுகவுட்டுக்கினு சாதாரணமா செய்யுதுங்க. அதுங்களுக்குத் தெரியல இன்னா செய்யறோம்னு.

இதெல்லாம் பாத்துக்கினு இருந்தவன், வூட்டுக்குப் போயி இன்னா பண்ணேன் பாருங்க.

டீச்சரம்மா ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க. தெனம் சாயந்தரம் ஒரு கொழந்த ஒரு கதை அட்டைய வூட்டுக்குக் கொண்டு போவலாம். மேல படம், கீழ பெரிய எழுத்துல நாலு வரி. வூட்ல பெரியவங்களோட சேந்து படிச்சிட்டு வரணும். எம் பொண்ணு எப்பவும் யான அட்டையத்தான் எடுத்துக்கினு வருவா. ஒரு யான நிக்குது, பக்கத்துல வட்டமா ஒண்ணு கீது.

"நைனா, படிச்சிக் காட்டு."

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். பெத்த பொண்ணு, மடியில வந்து குந்திக்கினு, மொகத்தையே பாக்குது. அட்டைய எடுத்தேன், கண்ணு கிட்ட கொண்டாந்தேன், தொண்டையக் கனச்சிக்கினேன், உட்டேன் கதைய. காளாஸ்திரி கோயிலு யான ஒண்ணு சங்கிலிய அறுத்துக்கினு நகரிக்கு வந்துச்சாம், தறிக்காரங்க நெய்ஞ்சி வெச்ச சேலையெல்லாம் எடுத்துக் கட்டிக்கிச்சாம், கட்டிக்கினு கெணத்துல மொகத்தப் பாக்கப் போயி உள்ள விழுந்துட்ச்சாம். எம் பொண்ணு வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சா. எங்கூட்டுக்காரி அடுப்பாண்ட குந்திக்கினு கேட்டுக்கினு இருந்தா. அவளும் சின்னதுலயே தறி நெய்யப் போனவ, கையெழுத்து மட்டும்தான் போடுவா. என் வண்டவாளம் அவளுக்குத் தெரியும். ஆளு கொஞ்சம் கவுரவமா இருக்கட்டும்னு உட்டுட்டா.

மறுநாளும் அதே அட்டை. நேத்து இன்னா சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. யான ரயில் ஏறி திருப்பதிக்குப் போயி மொட்ட அடிச்சிக்கிச்சின்னு படிச்சேன்.

"நைனா, நேத்து யான கெணத்துல விழுந்துட்ச்சின்னு படிச்சியே?"

"அது நேத்து. இன்னிக்கு ஏறிட்ச்சி."

நம்பிட்டா. எழுத்துன்னா தெனம் மாறும்னு நம்பிட்டா. பெரியவங்க கையில எடுத்தா அட்டையிலேர்ந்து புதுசு புதுசா கதை வரும்னு நம்பிட்டா. எனக்கு அது எவ்ளோ பெரிய தப்புன்னு தெரியல. எங்க நைனா போல யாருக்கும் படிக்க வராதுன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கினு திரிஞ்சா. நானும் காலர தூக்கி உட்டுக்கினேன்.

கார்த்திக மாசம் ஒரு நாளு, கொட்டாய்ல முட்ட உரிச்சிக்கினு இருந்தேன். உள்ள பசங்கள ஒவ்வொண்ணா நிக்க வெச்சி அட்டையப் படிக்கச் சொல்லிக்கினு இருந்தாங்க டீச்சரம்மா. எம் பொண்ணு முற வந்துச்சி. எழுந்து நின்னா, அட்டைய கண்ணு கிட்ட கொண்டாந்தா, தொண்டையக் கனச்சா. அடப்பாவி, அப்பிடியே நானு! யான சினிமாவுக்குப் போவுது, டிக்கட்டு கெடைக்கல, தும்பிக்கைய ஜன்னல்ல உட்டுப் படம் பாக்குது. நான்கூட சொல்லாத கதை. கிளாசு விழுந்து விழுந்து சிரிக்குது. நானும் ஜன்னலாண்ட நின்னுக்கினு பல்ல காட்டிக்கினு கீறேன்.

டீச்சரம்மா சிரிக்கல. மெதுவா பக்கத்துல வந்து, ஒரு எழுத்து மேல வெரல வெச்சாங்க.

"இது இன்னா கண்ணு?"

"யான."

"இது?"

"அதுவும் யான. பின்னாடி போவுது."

டீச்சரம்மா படத்து மேல கையப் பொத்துனாங்க. யான மறஞ்சி பூட்ச்சி. எழுத்து மட்டும் கீது. "இப்பப் படி"ன்னாங்க. எம் பொண்ணு அவங்க கையையே பாத்துக்கினு நின்னா. அப்பறம் மெதுவா சொன்னா:

"டீச்சர், எனக்குத் தெலுகுதான் நல்லாப் படிக்க வரும்."

கையில இருந்த முட்ட நழுவிப் பூட்ச்சி.

டீச்சரம்மா பலகைய எடுத்து தெலுகுல ரெண்டு எழுத்து எழுதிக் காட்டுனாங்க. எம் பொண்ணு பாத்துட்டு, "இல்ல டீச்சர், நான் தமிழ் மீடியம்தானே"ன்னா.

ஏழு வயசு. நான் நாப்பது வருசமா ஒளிஞ்சிக்கினு இருந்த சந்துல எனக்கு முன்னாடி போயி குந்திக்கினா.

மத்தியானம் பசங்க துன்னுக்கினு இருக்கும்போது டீச்சரம்மா என்ன வேப்பமரத்தாண்ட கூப்பிட்டாங்க.

"அண்ணா, பாப்பாவுக்கு வூட்ல யாரு படிச்சிக் காட்டறது?"

"நாந்தான் டீச்சரம்மா. தெலுகு மீடியம்தான், ஆனாலும்..."

"அண்ணா." அவ்ளோதான் சொன்னாங்க. "நோட்டீச தலகீழா ஒட்டுனப்பவே எனக்குத் தெரியும்."

வேற யாராவது சொல்லியிருந்தா இன்னொரு ஜோக்கு அடிச்சித் தப்பிச்சிருப்பேன். அவங்ககிட்ட அது செல்லாதுன்னு தெரியும். ஏதோ ஒண்ணு சொல்லணுமேன்னு, "நோட்டீசு தப்பா இல்ல டீச்சரம்மா, ஆட்டோதான் தலகீழா கீது"ன்னேன். அதுக்கு சிரிச்சிட்டாங்க. சிரிச்சிட்டு குந்துனாங்க, என்னையும் குந்தச் சொன்னாங்க.

"நீங்க கதை சொல்றது தப்பில்ல. நல்லா சொல்றீங்க, நானே கேட்டுக்கினுதானே வர்றேன் தெனம். அட்டைய கையில வெச்சிக்கினு சொல்றீங்க பாருங்க, அதுதான் தப்பு. படிக்கறதுன்னா படத்தப் பாத்து வாய்க்கு வந்தது சொல்றதுன்னு நெனச்சிக்கினு கீறா. அவளுக்கு எழுத்தப் பாக்கவே தோணல. எதுக்குப் பாக்கணும்? எங்க நைனா பாக்காமத்தான படிக்கறாருன்னு."

"மெதுவா வந்துரும் இல்ல?"

"வெயிலு லீவு முடிஞ்சா மூணாவது. மூணாவதுக்கு பெரிய ஸ்கூலு. அங்க ஒரு கிளாசுல அம்பது பேரு. யாரும் பக்கத்துல வந்து படத்த மூட மாட்டாங்க. நல்லா பேசற புள்ள, சிரிக்க வெக்கற புள்ள, கூட்டத்துல ஒளிஞ்சிக்கும். அப்பறம் கண்டுபுடிக்கவே முடியாது." என் பக்கம் நல்லாத் திரும்பிக் குந்துனாங்க. "நான் எவ்ளோ சொன்னாலும் ஏறாது அண்ணா. நீங்கதான் சொல்லணும். இத்தினி நாளா நான் படிக்கல, சும்மா உட்டேன்னு நீங்களே சொல்லணும்."

சொல்றேன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். சொல்லணுமே! தெனம் சாயந்தரம் ஆரம்பிப்பேன். "பாப்பா, ஒரு விசயம்"பேன். அவ மடியில ஏறிக் குந்திக்குவா. "இன்னா நைனா?" "ஒண்ணும் இல்ல, உங்கம்மாவுக்கு மீச மொளைக்குது, பாத்தியா?"ம்பேன். இப்பிடியே ஒரு மாசம் ஓடிட்ச்சி. ஊரையே சிரிக்க வெக்கற வாயி, ஒரு ஏழு வயசுப் புள்ளகிட்ட உண்மையச் சொல்ல முடியாம காஞ்சிக் கெடந்துச்சி.

சங்கராந்தி லீவுல ஸ்கூலுக்கு ஒரு பெரிய அண்டா வாங்க திருப்பதிக்குப் போனேன். எம் பொண்ணு கூடவே வருவேன்னு அடம் புடிச்சா. அண்டாவ வாங்கி, பஸ் ஸ்டாண்டுல எறக்கி வெச்சேன். அவ அதுக்குள்ளயே ஏறி குந்திக்கினா. தலை மட்டும் வெளிய தெரியுது. சுத்தி முத்தி பஸ்சு, எல்லாத்து நெத்தியிலயும் எழுத்து.

"நைனா, அந்தப் பஸ்சுல இன்னா எழுதிக்கீது?"

நான் பஸ்ச கலரப் பாத்துப் புடிக்கறவன். "வேலூரு"ன்னேன்.

"கண்டக்டரு காஞ்சிபுரம் காஞ்சிபுரம்னு கத்தறாரே?"

"எழுதுனது வேலூரு. போறது காஞ்சிபுரம்."

"செரி"ன்னா. அவ்ளோதான். ஒரு கேள்வி இல்ல, ஒரு சந்தேகம் இல்ல. எழுதுனது ஒண்ணு, நடக்கறது ஒண்ணுன்னு அப்பிடியே முழுங்கிக்கினா. இவ நாளைக்கி தனியா இந்த ஸ்டாண்டுல நிப்பா. கலரப் பாத்து ஏறுவா. தப்பா எறங்கிட்டு, கூட இருக்கறவங்கள சிரிக்க வெச்சிட்டு, தனியா அழுவா. எனக்குத் தெரியும். நான் அழுதிருக்கேன்.

அண்டா பக்கத்துல தரையில குந்துனேன். அவ மொகமும் என் மொகமும் நேருக்கு நேரு.

"பாப்பா. நைனாவுக்குப் படிக்க வராது."

"தமிழா, தெலுகா?"

"ரெண்டும்."

சிரிச்சா. நான் ஜோக்கு அடிக்கறேன்னு நெனச்சிக்கினா. வாயாடிக்கு வர்ற தண்டன இதுதான், உண்மையச் சொன்னாலும் சிரிப்பாங்க. நான் சிரிக்காம அவளையே பாத்துக்கினு இருந்தேன். அவ சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா நின்னுட்ச்சி.

"அப்ப அந்த யான?"

"நானா உட்டது."

"கெணத்துல விழுந்தது?"

"அதுவும்."

"மொட்ட?"

"எல்லாமே நைனா சும்மா உட்டது பாப்பா. அட்டைய கையில வெச்சிக்கினு உட்டேன். தப்பு."

அழுவான்னு பாத்தேன். அழல. அண்டாக்குள்ள தலையக் கவுத்துக்கினா. புத்தூரு பஸ்சு வந்துச்சி, அண்டாவ மேல ஏத்துனேன், ஏறி குந்துனோம். ரேணிகுண்டா தாண்டுற வரைக்கும் வழியில வர்ற போர்டுங்களையே பாத்துக்கினு வந்தா. நான் செத்தவன் மாதிரி வந்தேன். அப்பறம் ஜன்னலு பக்கம் இருந்து திடீர்னு திரும்புனா.

"அப்ப நெசமா இன்னா ஆச்சு?"

"எதுக்கு?"

"யானைக்கு! அட்டையில எழுதிக்கீது இல்ல? அதுல யானைக்கு இன்னா ஆச்சு?"

"எனக்குத் தெரியாது பாப்பா."

"உனக்கும் தெரியாதா?"

"தெரியாது."

கண்ண அவ்ளோ பெருசா தொறந்தா. நாலு மாசமா அந்த அட்ட அவ கையில, என் கையில. உள்ள ஒரு யானைக்கு ஏதோ ஆயிருக்குது. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாம அதுபாட்டுக்கு உள்ள நடந்துக்கினு கீது. எனக்கே அப்பதான் ஒரைச்சிச்சி. அது வரைக்கும் எழுத்துன்னா என்ன மாட்டி உடற ஒண்ணுன்னுதான் நெனச்சிருந்தேன். உள்ள ஒருத்தரு ஒரு சேதி வெச்சிட்டுப் போயிருக்காரு, நான் தொறக்காம வெச்சிக்கினு கீறேன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல.

லீவு முடிஞ்சி ஸ்கூலு தொறந்த அன்னிக்கு டீச்சரம்மா பசங்கள ஆளுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அது அவங்க வழக்கம். கொழந்த வூட்ல பேசற மாதிரி ஏதாவது சொல்லும், அத அப்பிடியே போர்டுல எழுதுவாங்க. ஒரு எழுத்து மாத்த மாட்டாங்க. "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்ச்சி"ன்னு ஒண்ணு சொல்லும். போர்டுல ஆடு ரெண்டு குட்டி போட்ச்சின்னே இருக்கும். அன்னிக்கு எம் பொண்ணு எழுந்தா.

"எங்க நைனாவுக்குப் படிக்க வராது."

டீச்சரம்மா சாக்பீச வெச்சிக்கினு ஜன்னலு பக்கம் திரும்பி என்னப் பாத்தாங்க. எழுதட்டுமான்னு கேக்கறாங்க, வாயால இல்ல, கண்ணால. எங்கூட்டுக்காரி கரண்டியோட நிக்கறா. அடுப்பு சத்தம், தெருவுல தறி சத்தம். எனக்குக் காது ரெண்டும் சூடேறிப் பூட்ச்சி. ஆனா கை தானா எழும்பி, "எழுதுங்க"ன்னு காட்டிட்ச்சி.

எழுதுனாங்க. "பாப்பா, நீ சொன்னது இங்க கீது. நீயே படி"ன்னாங்க.

எம் பொண்ணு போர்டாண்ட போனா. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில வெரல வெச்சா. "எங்க." வெரல நவுத்துனா. "நை... நைனாவுக்கு." அங்க படம் இல்ல. மூடறதுக்கும் ஒண்ணும் இல்ல. அவ சொன்னதே செவுத்துல குந்திக்கினு அவளையே பாக்குது. "படிக்க. வ... ரா... து." அப்பறம் திரும்பி டீச்சரம்மாவப் பாத்தா. "டீச்சர்! நான் சொன்னதேதான் கீது!"

"நாளைக்கி வந்து பாத்தாலும் அதேதான் இருக்கும் கண்ணு."

இருபத்திரெண்டு பேரும் சேந்து படிச்சாங்க. எங்க நைனாவுக்குப் படிக்க வராது, எங்க நைனாவுக்குப் படிக்க வராதுன்னு கோரசா. ரோட்ல போன பால்காரரு சைக்கிள நிறுத்திக் கேட்டுட்டுப் போனாரு. இந்த மாதிரி ஒரு மானக்கேடு எவனுக்கும் வரக்கூடாது. ஆனா எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது, ரெண்டும் இல்லாம வேற ஒண்ணும் வருது. எம் பொண்ணு படிக்கறா. நெசமாவே படிக்கறா.

சாயந்தரம் எல்லாரும் போனப்பறம் நான் தனியா உள்ள போனேன். அந்த வரி இன்னும் அங்கயே இருந்துச்சி. அவ வெச்ச மாதிரியே அடியில வெரல வெச்சிக்கினு நானும் சொன்னேன். எந்தத் துண்டுக்கு எந்த சத்தம்னு மத்தியானம் முழுக்கக் கேட்டாச்சே. அடுத்த நாளும் சொன்னேன். அப்பறம் கோதும மாவுல வெரலால எழுதிப் பாத்து எங்கூட்டுக்காரிகிட்ட ஒத வாங்குனேன். வாழ்க்கையில நான் படிச்ச மொத வரி, "எங்க நைனாவுக்குப் படிக்க வராது". படிச்சி முடிச்ச அன்னிக்கே அது பொய்யாப் பூட்ச்சி.

ரொம்ப ஆடக்கூடாது. இப்பவும் எனக்கு அந்த ஒரு வரியும், ஆடு குட்டி போட்டதும், பஸ்சுல புத்தூருன்னு எழுதுனா அதுவும்தான் தெரியும். இதெல்லாம்கூட நான் எழுதல. செல்போனப் பாத்துப் பேசறேன், அது எழுதிக்குது. மஞ்சத்தூள் டப்பா மேல சாய்ச்சி வெச்சிக்கினு, முட்ட உரிச்சிக்கினே பேசறேன். சாயந்தரம் எம் பொண்ணு படிச்சிப் பாத்து, நான் எங்க இல்லாதத எச்சா சேத்து உட்டேன்னு சொல்லுவா. அவகிட்ட இனிமே ஒண்ணும் நடக்காது.

யான அட்டைக்கு வர்றேன். போர்டுல படிச்ச அன்னிக்கே அதக் கேட்டா. டீச்சரம்மா குடுத்தாங்க. எம் பொண்ணு அவளா ஒரு சட்டம் போட்டுக்கினா. படத்து மேல எடது கைய மூடி வெச்சிக்குவா. யாரும் சொல்லிக் குடுக்கக்கூடாது. மத்த பசங்க, "எனக்குத் தெரியும், யான வந்து..."ன்னு ஆரம்பிச்சா காதப் பொத்திக்கினு ஓடுவா. நானும் பொறுக்க முடியாம ஒரு நாளு ஆட்டோவுல டீச்சரம்மாவக் கேட்டுட்டேன், யானைக்கு இன்னாதான் ஆச்சுன்னு. "உங்க பொண்ணு சொல்லுவா அண்ணா"ன்னுட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கினாங்க.

மொத வரிக்கு ஒரு வாரம் ஆச்சு. "யானை வந்தது." நான் கொட்டாய்ல குதிச்சேன். ரெண்டாவது வரி: "தொட்டியைப் பார்த்தது."

"கெணறு இல்லியா?"ன்னேன்.

"கெணறு இல்ல நைனா. தொட்டி. எழுதிக்கீது பாரு." அந்த வட்டம் தொட்டியாம்! நான் நாலு மாசமா யானையத் தொட்டிக்குள்ள தள்ளி சாவடிச்சிக்கினு இருந்திருக்கேன்.

மூணாவது வரி போன வாரம்: "தொட்டியில் தண்ணீர் இல்லை."

"பாத்தியா, தண்ணி வராத நம்ம ஊரு யானதான்"னேன். அவ சிரிக்கல. கவலையா இருந்தா. "பாவம் நைனா. இந்த வெயில்ல வந்திருக்குது." எனக்கும் கவலையாப் பூட்ச்சி. இத்தினி நாளா அந்த யானைக்குச் சேல கட்டி உட்டேன், மொட்ட அடிச்சி உட்டேன், ரயில்கூட ஏத்தி உட்டேன். அதுக்குத் தாகம்னு எனக்குத் தெரியவே தெரியாது.

இப்ப நாலாவது வரி. கடேசி வரி. அதுல ஒரு எழுத்து இவ இன்னும் பாக்காத எழுத்து. மூணு நாளா அதுலயே நிக்கறா. நேத்து சோறு துன்னும்போதுகூட தட்டுல வெரலால அத வரைஞ்சிக்கினு இருந்தா. நான், "யாராவது தண்ணி ஊத்தியிருப்பாங்க"ன்னேன். "உடாத நைனா"ன்னு கைய நீட்டி என் வாயப் பொத்திட்டா. எனக்கு ராத்திரி அத நெனச்சிக்கினு...

இருங்க. உள்ள சத்தம். அவதான்.

"நைனா! நைனாவ்! வா, சீக்கிரம் வா! யானைக்கு இன்னா ஆச்சுன்னு தெரிஞ்சிட்ச்சி!"

ஏய், கரண்டிய வெச்சிட்டு இந்த முட்டையப் புடி. கை கழுவிட்டு...